ஊமைக்காயம்

நான் கவுன்சிலரிடம் போனது தூக்கம் வராததற்காக. இனம், நிறம், பாகுபாடு என்று எதையும் அவர்கள் கொடுத்த படிவத்தில் நான் எழுதவில்லை. 'தூக்கமின்மை, வேலையில் பதற்றம்.' அவ்வளவுதான்.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பிறந்த நாட்டை விட்டு வந்து, என் நிறத்தில் ஆட்கள் அதிகம் இல்லாத ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த வருடம் எனக்கு ஒரு விநோதமான பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பீமின் கணக்கை முடித்தால், அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்ப்போம். எல்லாரும் செய்வதுதான். நான் பதினோரு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனாலும் அனுப்பும் பொத்தானில் கை போகாது. வேறு யாராவது தவறு செய்தால் அது அந்த ஆளின் தவறு. நான் செய்தால் அது 'இவங்க ஆளுங்களே இப்படித்தான்' என்று ஆகிவிடும். அந்த நினைப்பு ராத்திரி படுக்கை வரைக்கும் கூட வரும்.

என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கலே. ஒருமுறை தலையில் ஹெல்மெட், கையில் சுருட்டிய டிராயிங்கோடு சைட்டில் நிற்கிறேன். ஃபோர்மேன் என்னைப் பார்த்தே கேட்கிறார்: "இன்ஜினியர் எப்போ வருவாரு?" இன்னொரு நாள் மீட்டிங்கில் அரை மணி நேரம் ஒரு டிசைனை விளக்கி முடித்ததும், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "இவ்வளவு தெளிவா பேசுவீங்கன்னு நினைக்கவே இல்லை" என்கிறார். டிசைனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று முதல் வாரமே முதல் இரண்டு எழுத்தோடு வெட்டிவிட்டார்கள், என்னைக் கேட்காமலே. எந்த ஊர் என்று கேட்பவரிடம் நான் குடியிருக்கும் பகுதியைச் சொன்னால், "அது சரி, நிஜமா எந்த ஊர்?" என்று இரண்டாவது கேள்வி வரும்.

ஒருநாள் இதையெல்லாம் தம்பியிடம் போனில் கொட்டினேன். "அக்கா, அந்தாளு பாராட்டித்தானே சொன்னான்? இதைப் போய் ஏன் மனசுல போட்டு உழப்பிக்கிற?" என்றான். அவன் சொன்னது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அன்று இரவும் தூங்கவில்லை.

தமிழில் சொல்லால் குத்துவதற்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. பொடி வைத்துப் பேசுவது, ஜாடை பேசுவது, குத்திக் காட்டுவது, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது. ஆனால் இத்தனையிலும் குத்துகிறவருக்குத் தான் குத்துகிறோம் என்று தெரியும். தெரியாமலே குத்துகிறவருக்கு, சிரித்த முகத்தோடு நல்ல மனசோடு குத்துகிறவருக்கு ஒரு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. குத்து வாங்கியவர் பக்கம் மட்டும் ஒரு சொல் இருக்கிறது: ஊமைக்காயம். வெளியே தோல் கிழியாது, ரத்தம் வராது, உள்ளே கன்றிப் போயிருக்கும். காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

ஆங்கிலத்தில் இதை மைக்ரோஅக்ரெஷன் என்கிறார்கள். சொல்லை உருவாக்கியவர் செஸ்டர் பியர்ஸ், ஹார்வர்டில் இருந்த கறுப்பின மனநல மருத்துவர். வருடம் 1970. பெரிய வன்முறையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், கறுப்பின மக்கள் அன்றாடம் வாங்கும் சின்னச் சின்ன இடிகள் கணக்கிலேயே வராமல் போய்விடும் என்பது அவருடைய கவலை. 2007-ல் டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தெரிந்தே செய்யும் தாக்குதல் ஒன்று. மரியாதைக் குறைவு தொனிக்கும் பேச்சு இரண்டாவது. 'இவ்வளவு தெளிவா பேசுவீங்கன்னு நினைக்கலை' இதில் சேரும். மூன்றாவது, ஒருவர் பட்டதைப் படவே இல்லை என்று ஆக்குவது. 'நான் நிறமெல்லாம் பார்க்கிறதே இல்லை', 'நீங்க ரொம்ப சென்சிடிவ்' எல்லாம் இந்த வகை. எனக்கு அதிகம் வலித்தது மூன்றாவது வகைதான். அதைத்தான், கடைசியில், கவுன்சிலரும் செய்தார். அதற்கு வருகிறேன்.

முதலில் நான் தேடிப் போனது தமிழ் பேசும் ஒருவரை. வீடியோ காலில் பேசினோம். தாய்மொழியில் பேசினால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று நம்பினேன். இருபது நிமிடம் கேட்டார். பிறகு, "நாமதாம்மா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். அவங்க இடத்துக்கு நாமதானே வந்திருக்கோம்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அவரும் அப்படித்தான் முப்பது வருடம் தாக்குப்பிடித்திருப்பார் போல. நம்மவர் என்பதாலேயே நம்மைப் புரிந்துகொள்வார் என்பதில்லை என்று அன்று தெரிந்தது. பட்டதை விழுங்கியே பழகியவர் நம்மையும் விழுங்கத்தான் சொல்வார்.

பிறகு அலுவலகமே ஏற்பாடு செய்திருந்த ஒரு கவுன்சிலர். வெள்ளைக்காரப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். நிதானமான பேச்சு. முதல் இரண்டு செஷனும் தூக்கம், மூச்சுப் பயிற்சி, ராத்திரி போனைத் தள்ளி வைப்பது என்று போனது. பிரயோஜனம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது செஷனில், மீட்டிங்குகளில் நான் வாயே திறப்பதில்லை என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் பண்பாட்டில் பெரியவர்களையும் மேலதிகாரிகளையும் எதிர்த்துப் பேச மாட்டீர்கள், இல்லையா? அதனால் இது உங்களுக்கு இயல்பாகவே கடினமாக இருக்கும்."

நான் சிரித்துத் தலையாட்டினேன். அந்தச் சிரிப்பை இப்போது நன்றாக அடையாளம் தெரியும். வாய் மட்டும் சிரிக்கும், தாடை இறுகியிருக்கும். மீட்டிங்கில் ஆரம்பத்தில் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். நான் சொன்ன யோசனை காற்றில் போகும்; பத்து நிமிடம் கழித்து அதையே இன்னொருவர் சொன்னால் எல்லாரும் குறிப்பெடுப்பார்கள். இது ஐந்தாறு முறை நடந்த பிறகுதான் வாயை மூடினேன். என் மௌனத்துக்குக் காரணம் அந்த அறைக்குள் இருந்தது. இவரோ அதைத் தூக்கி என் பரம்பரையில் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் வந்து இரண்டு நாள் இருந்தால் தெரியும், நாங்கள் எதிர்த்துப் பேசாத பெரியவர் யார் என்று.

அடுத்த வாரம் ஜலதோஷம் என்று சொல்லி செஷனை ரத்து செய்தேன். அதற்கு அடுத்த வாரமும் ஜலதோஷம்.

நான் ஏதோ விதிவிலக்கு இல்லை என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவில் ஜெஸ்ஸி ஓவன் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழகக் கவுன்சிலிங் மையத்துக்கு வந்த இனச் சிறுபான்மையினர் 120 பேரிடம் கேட்டதில், 53 சதவீதம் பேர் தங்கள் சிகிச்சையாளரே தங்களிடம் இப்படி ஏதாவது ஒருமுறையாவது செய்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய 76 சதவீதம் பேர் விஷயத்தில் அதைப் பற்றி அந்த அறையில் பேச்சே எழவில்லை. பேசித் தீர்த்தவர்களுக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலான உறவோ, அப்படி எதுவும் நடக்காதவர்களின் உறவைப் போலவே இருந்தது. கவுன்சிலர் தவறு செய்வார் என்பதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். செய்த பிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

நான் மெயில் எழுதியது தைரியத்தால் அல்ல, எரிச்சலால். ஆறு இலவச செஷனில் மூன்று பாக்கி இருந்தது. அதை வீணாக்குவானேன் என்ற கணக்கும் கொஞ்சம் இருந்தது. இவ்வளவுதான் எழுதினேன்: "நான் பேசாமல் இருப்பதற்கு என் பண்பாடு காரணம் என்றீர்கள். பேசினால் என்ன நடக்கிறது என்பதுதான் காரணம். அது என்னவென்று நீங்கள் கேட்கவில்லை. அதன் பிறகு வர மனம் வரவில்லை." அனுப்புவதற்கு முன் பதினோரு முறை படித்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது செஷன். அவர் உட்கார்ந்ததும், "கேட்டிருக்க வேண்டிய இடத்தில் நானாக ஒன்றை ஊகித்துக்கொண்டேன். அது தவறு. மன்னியுங்கள்" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். எனக்குப் பழக்கமான மற்றதெல்லாம் அடுத்து வரும் என்று காத்திருந்தேன். 'நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' வரவில்லை. 'எனக்கு உங்கள் ஆட்களில் நிறைய நண்பர்கள் உண்டு' வரவில்லை. அவர் கண்கலங்கி, நான் அவரைத் தேற்றுகிற நிலைமையும் வரவில்லை. உங்கள் பண்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று எனக்கு வாத்தியார் வேலையும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி: "நான் அதைச் சொன்ன நிமிடத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது?"

சொல்ல ஆரம்பித்தேன். ஃபோர்மேன், மீட்டிங், வெட்டப்பட்ட பெயர், இரண்டாவது கேள்வி, ஒன்பது வருடம். ஐம்பது நிமிடம் போனதே தெரியவில்லை. முடிவில் அவர், எங்கே சறுக்கினோம் என்பதைத் தன்னுடைய சூப்பர்வைசரிடமும் பேசப்போவதாகச் சொன்னார். அன்று இரவு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

இதில் மாயம் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு ஊமைக்காயத்தை, அதைக் கொடுத்தவரிடமே காட்டி, அவரும் 'ஆமாம், இங்கே கன்றியிருக்கிறது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பல்பண்பாட்டுக் கவுன்சிலிங் என்றால் எல்லா நாட்டுப் பழக்கவழக்கங்களையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பது என்று நானும் நினைத்திருந்தேன். அந்த மனப்பாடம்தான் என்னை மூன்றாவது செஷனில் கவிழ்த்தது. ஏதோ ஒரு பயிற்சியில் 'ஆசியர்கள்: அதிகாரத்துக்கு மரியாதை' என்று ஒரு வரி படித்திருப்பார், பாவம். 1992-ல் சூ, அரெடோண்டோ, மெக்டேவிஸ் மூவரும் இத்துறைக்கான தகுதிகளை வரையறுத்தபோது முதலில் வைத்தது, கவுன்சிலர் தன்னுடைய முன்முடிவுகளைத் தானே அறிந்திருப்பதைத்தான். வந்தவரின் உலகத்தைப் புரிந்துகொள்வது அதற்கு அடுத்தபடி. 1998-ல் மெலனி டெர்வலோன், ஜேன் மர்ரே கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் இன்னும் ஒரு படி போய், பிறர் பண்பாட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டதாக நினைப்பதை விட்டுவிட்டு, ஆயுளுக்கும் கற்றுக்கொள்ளும் பணிவு வேண்டும் என்றார்கள். பணிவு என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. நான்காவது செஷனில் அந்த நாற்காலியில் நான் பார்த்தது அதைத்தான்.

அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. ஆறு செஷன் முடிந்தும், என் செலவில் ஏழெட்டு மாதம் போனேன்.

ஒரு நோட்டு போடச் சொன்னார். பக்கத்துக்கு நான்கு கட்டம். நடந்தது என்ன, வார்த்தைக்கு வார்த்தை. நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் என்ன. வேறு என்ன அர்த்தம் இருக்கலாம். எனக்கு ஆன செலவு என்ன. நான்காவது கட்டம்தான் என் கண்ணைத் திறந்தது. 'ஒன்றரை மணி நேரத் தூக்கம்.' 'கணக்கை ஏழு முறை பார்த்தேன்.' 'மதியம் தனியாகச் சாப்பிட்டேன்.' 'தம்பியிடம் எரிந்து விழுந்தேன்.' சம்பவம் ஒரு வரி, செலவு ஐந்து வரி. சின்ன விஷயம் என்று எல்லாரும் சொன்னது முதல் கட்டத்தை மட்டும் பார்த்து.

மூன்றாவது கட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'வேறு அர்த்தம் இருக்கலாமே' என்று கவுன்சிலர் எடுத்த எடுப்பிலேயே கேட்டால், அது தம்பி கேட்ட கேள்விதான். காசு கொடுத்து அதைக் கேட்கத் தேவையில்லை. நடந்தது நடந்ததுதான் என்று அவர் ஏற்றுக்கொண்ட பிறகு, பல வாரம் கழித்து, நான் தயாரான பிறகு கேட்டார். அப்போது அது பயன்பட்டது. எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், நான் எது சொன்னாலும் "என்ன, திரும்பச் சொல்லுங்க" என்பார். என் உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறார் என்று நோட்டில் பதினான்கு பதிவு வைத்திருந்தேன். ஒருநாள் சைட்டில் அவர் எனக்கு இடப்பக்கம் வந்து நின்றுகொண்டு, "இடது காது போச்சும்மா. பைலிங் மெஷின் பக்கத்துலயே இருபது வருஷம்" என்றார். பதினான்கையும் அடித்தேன். அவமானமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. மற்ற பல பதிவுகள் அடிபடாமல் அப்படியே நின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட் லிலியன்ஃபெல்ட் என்ற உளவியலாளர் 2017-ல் இந்தக் கருத்தையே கடுமையாக விமர்சித்தார். எது மைக்ரோஅக்ரெஷன் என்பதற்குத் தெளிவான எல்லை இல்லை, ஆதாரங்கள் போதவில்லை, ஆய்வு வலுப்படும் வரை இதை வைத்துப் பயிற்சித் திட்டங்கள் நடத்துவதை நிறுத்தி வையுங்கள் என்றார். அவருக்கு மறுப்புகளும் வந்தன. அந்த விமர்சனத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. காது கேட்காத மனிதர்தான் நினைவுக்கு வந்தார். ஒரு தனிச் சம்பவத்தை மட்டும் வைத்து அது இதுதான் என்று அடித்துச் சொல்வது கஷ்டம். நான் பார்த்த வரையில் ஒற்றைச் சம்பவத்தைவிட, அது திரும்பத் திரும்ப யாருக்கு நடக்கிறது, யாருக்கு நடப்பதே இல்லை என்பதுதான் பேசுகிறது.

இதை என் தொழில் பாஷையில் கவுன்சிலருக்கு ஒருநாள் விளக்கினேன். எஃகு தாங்கக்கூடிய எடைக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மிகக் கீழேயுள்ள எடையைக்கூட லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் எஃகு விரிசல் விட்டு ஒருநாள் பட்டென்று முறியலாம். ஃபேட்டீக் என்போம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் எந்தக் காரணமும் தெரியாமல் முறிந்தபோது, ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் வருடக்கணக்கில் சோதித்து உறுதிப்படுத்தியது இது. கடைசியாக ஏறிய எடையை மட்டும் பார்த்து 'இதற்கெல்லாமா முறியும்' என்று கேட்பவருக்கு எந்த விசாரணையிலும் விடை கிடைக்காது. எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ண வேண்டும். அவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் விரிசலை எங்கே தேடுவீர்கள்?" என்றார். வெட்டு, துளை, பற்றவைத்த இடம் என்றேன். அழுத்தம் அங்கேதான் குவியும். "உங்களுக்கு எங்கே?" பதில் சொல்ல இரண்டு வாரம் ஆனது. பள்ளியில் கணக்கில் ஒரு மார்க் குறைந்ததற்கு எல்லார் முன்னாலும் எழுந்து நின்ற ஒரு மதிய வேளையில் போய் நின்றது அது. அந்தக் கதை இங்கே வேண்டாம். ஆனால் பதினோரு முறை சரிபார்ப்பது அதன் பிறகுதான் ஐந்தாகி, மூன்றாகி, இப்போது இரண்டில் நிற்கிறது.

பதில் சொல்வது பற்றி. ஆரம்பத்தில் எனக்கு இரண்டே வழிதான் தெரியும்: விழுங்குவது, இல்லையென்றால் ராத்திரி படுக்கையில் பிரமாதமாகப் பதிலடி கொடுப்பது. செஷனில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினோம். அவர் ஃபோர்மேனாக நடிப்பார். படு மோசமான நடிப்பு. இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். ஆனால் ஒரு வாக்கியத்தை வாய் பத்து முறை உச்சரித்திருந்தால், பதினோராவது முறை நிஜத்தில் தானாக வருகிறது. மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது போதாது, சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது குரலை உயர்த்தாமல் திருப்பிக் கேட்பது. 'இவ்வளவு தெளிவா பேசுவீங்கன்னு நினைக்கலை' என்பவரிடம், "ஏன் அப்படி நினைச்சீங்க?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். அந்த மௌனத்தில் அவர் தன் வாக்கியத்தைத் தானே ஒருமுறை கேட்டுக்கொள்வார். சிலர் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் உளறினார்கள். ஒருவர் கோபப்பட்டார். பெயர் விஷயத்தில் விளக்கமெல்லாம் கொடுக்காமல், வெட்டிய பெயரில் கூப்பிட்டால் முழுப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடர்ந்தேன். 'ழ' வராவிட்டால் பரவாயில்லை, எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு வராது. மீட்டிங்குக்கு ஒரு கூட்டாளி பிடித்தேன். என் யோசனையை வேறொருவர் எடுத்துச் சொன்னால், "அவங்க பத்து நிமிஷம் முன்னாடி சொன்னதுதானே" என்று அந்தத் தோழி சொல்வாள். நானே சொன்னால் புகார், அவள் சொன்னால் தகவல். நியாயமில்லைதான், ஆனால் வேலை செய்தது. 2019-ல் சூ எழுதியபோது, பட்டவரோடு கூட்டாளிகளும் பக்கத்தில் நிற்பவர்களும் செய்யக்கூடியதையும் சேர்த்தே எழுதினார்; கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைப்பது, தடுத்து நிறுத்துவது, செய்தவருக்குப் புரியவைப்பது, வெளியே துணை தேடுவது என்று நான்காகப் பிரித்தார்.

பதிலே சொல்லாமல் நகர்ந்துவிடுவதும் உண்டு. இன்று தூக்கம் போதவில்லை, இந்த ஆளை இனி பார்க்கப்போவதில்லை, இது என் சம்பள உயர்வைத் தீர்மானிக்கிற ஆள் என்று ஏதோ ஒரு காரணம். முன்பு விழுங்கினால் என்மேலேயே கோபம் வரும். இப்போது விடுகிறேன் என்று நானே முடிவெடுத்து விடும்போது அந்தக் கோபம் வருவதில்லை. செலவுக் கட்டத்தில் பூஜ்யம் போட்ட நாட்களில் பாதி இப்படி விட்டவை.

கவுன்சிலர் தேடுகிறவர்களுக்கு, முதல் போன் காலிலேயே கேட்டுவிடுங்கள்: "இனம் சம்பந்தமான விஷயங்களை வருபவர்களோடு எப்படிப் பேசுவீர்கள்? அதில் நீங்கள் தவறு செய்த சம்பவம் ஏதாவது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" 'எனக்கு எல்லாரும் ஒன்றுதான்' என்பவரைவிட, கொஞ்சம் யோசித்து ஒரு சறுக்கலைச் சொல்பவர் மேல். இந்தப் பேச்சை அவரே எடுக்க வேண்டும் என்று இத்துறையிலேயே சொல்கிறார்கள். வருகிறவர் தானாக எடுக்கத் தயங்குவார், நான் தயங்கிய மாதிரி. அதற்கென்று கருவிகளும் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிவதற்கான டிஎஸ்எம்-5 கையேட்டில், வருகிறவர் தன் பிரச்சினையைத் தன் வார்த்தையில் எப்படிப் பார்க்கிறார், அதற்கு என்ன பெயர் வைக்கிறார், அதைக் கூட்டுவது எது குறைப்பது எது என்று கேட்கும் 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலே இருக்கிறது. அதில் ஒன்றைக் கேட்டிருந்தால்கூட என் மூன்றாவது செஷன் வேறு மாதிரி போயிருக்கும்.

கவுன்சிலிங்கால் ஆகாததும் இருக்கிறது. என்னைவிட மூன்று வருடம் பின்னால் வந்தவருக்கு என்னைத் தாண்டிப் பதவி உயர்வு கிடைத்ததை நான் செஷனில் அழுது தீர்க்கப் பார்த்தேன். கவுன்சிலர்தான் நிறுத்தினார். "இது மனசைச் சரிசெய்கிற விஷயம் இல்லை. இதை எழுத்தில் கேட்க வேண்டிய இடம் வேறு" என்றார். நோட்டிலிருந்து தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் என்று எடுத்துத் தொகுத்து மனிதவளப் பிரிவுக்குக் கொடுத்தேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அடி விழுவதை நிறுத்தாமல், அடி வாங்குகிறவளுக்கு மட்டும் தாங்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பது யாருக்கு வசதி என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். போன வருடம் எங்கள் குழுவில் ஒரு இளைஞன் சேர்ந்தான். கிழக்காசிய முகம். முதல் நாள் பேச்சுக்கொடுக்க, "எந்த நாட்டிலிருந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். "இங்கேதான், பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில பிறந்தேன்" என்றான். சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது, தாடை இறுகியிருந்தது. வயிற்றைப் பிசைந்தது எனக்கு. 'நானும் வெளியிலிருந்து வந்தவள்தான்' என்று ஆரம்பிக்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். "நானா ஊகிச்சுட்டேன். தப்பு. மன்னிச்சிருங்க." அவன் "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஸ்கிரீனைப் பார்க்க ஆரம்பித்தான். அதன் பிறகு மூன்று வாரம் என்னிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவன் உரிமை.

ஃபோர்மேன் கேள்வி இன்னும் ஓயவில்லை. போன மாதம் ஒரு புது சைட், புது ஃபோர்மேன். ஸ்லாபுக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள்; மறுநாள் கான்கிரீட். நான் ஏணி ஏறி மேலே போனதும், "இன்ஜினியர் பார்க்காம யாரும் மேல வரக்கூடாது" என்றார்.

"அதான் பார்க்க வந்திருக்கேன்" என்று முழுப் பெயரைச் சொன்னேன். ஒரு நொடி முழித்தார். பிறகு வழிவிட்டார். டேப்பை நீட்டினேன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். டிராயிங்கில் கம்பி இடைவெளி 150 மில்லிமீட்டர். அங்கே 200 இருந்தது. இரண்டு முறை அளந்தேன். அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னேன்.